நினைவை நம்பாதிருக்கப் பழகுவோம்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள், காரியாலயத்தில் நமது மேஜைக்கு எதிரே ஒரு மூதாட்டி வந்து நின்றார். ரயில்வேயில் கலாசியாக இருந்து காலமான ஒருவரின் மனைவி. குடும்ப ஓய்வூதியத்துக்கான காகிதங்களைக் கொடுத்து 19 நாட்கள் ஆகியிருந்தன. "பாபுஜி, ஏதாவது ஆயிற்றா?" என்று ஹிந்தியில் கேட்டார். நாம் டிராயரைத் திறந்தோம். கோப்பு அங்கேயே இருந்தது. 'நாளை முதல் வேலையாக' என்று எண்ணி உள்ளே வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நம்மிடம் கெட்ட எண்ணம் இல்லை; கையூட்டை எதிர்பார்க்கவும் இல்லை. ஆயினும் அந்த அம்மையாருக்கு அந்த 19 நாட்களும் கடனில் கழிந்தன. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் பெஞ்சில் போய் அமர்ந்தார். அன்று மாலைக்குள் கோப்பு மேலதிகாரியிடம் சென்றது.

வீட்டில் இதைச் சொன்னபோது, "நம் பையனுக்கு டாக்டர் சொன்னாரே, அது உங்களுக்கும் இருக்குமோ?" என்றாள் இல்லாள். மகனுக்கு முந்தைய ஆண்டிலேயே ஏ.டி.எச்.டி. என்று மனநல மருத்துவர் கூறியிருந்தார். குடும்பவழியாக வரும் இயல்பு இதற்கு மிகுதி. நாமும் அதே மருத்துவரிடம் சென்றோம். அவர் நமது பள்ளிப் பருவத்தைப் பற்றித் துருவிக் கேட்டார். ஊரிலிருக்கும் நம் தாயாரிடமும் தொலைபேசியில் விசாரித்தார். இக்குறையின் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என்று ஓரிடத்தில் மட்டுமின்றிப் பல இடங்களிலும் இடர் தர வேண்டும். தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தருமாதலால் அவற்றையும் சோதித்த பிறகே முடிவு சொன்னார்.

இது சோம்பலன்று, அறிவுக் குறைவுமன்று. 1902ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்ற ஆங்கில மருத்துவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி லண்டனில் சொற்பொழிவாற்றியிருக்கிறார். செய்துகொண்டிருக்கும் காரியத்துக்கு வேண்டியதைச் சிறிது நேரம் மனத்தில் ஏந்திக்கொள்ளும் ஆற்றல் ஒன்று உண்டு. அதைச் சிலேட்டுக்கு ஒப்பிடலாம். எல்லாருக்குமே அந்தச் சிலேட்டு சிறியது. நம் போன்றோருக்கோ, அடுத்த சத்தம் காதில் விழுந்தவுடன் எழுதியது அழிந்துவிடுகிறது. பழைய கதைகள் நன்றாக நினைவிருக்கும். பத்து நிமிஷத்துக்கு முன் சொன்னது இராது.

வழி எங்கே என்று தேடியபோது, அது நமது ரயில்வேயிலேயே இருப்பதைக் கண்டோம். ரயில்வே எவருடைய நினைவையும் நம்புவதில்லை. ஒரு பாதையில் வண்டி நின்றால், ஸ்டேஷன் மாஸ்டர் அதற்குரிய லீவரின் மேல் ஒரு வளையத்தை மாட்டுகிறார். மறதியாய் இழுக்கப் போனாலும் வளையம் கையைத் தடுக்கும். லீவருக்குப் பதில் பட்டன் வந்த நிலையங்களில் பட்டனுக்கு மூடி போடுகிறார்கள். வண்டியை அனுப்பும் முன் இரு நிலையத்தாரும் ரகசிய எண்ணைப் பரிமாறிப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். எஞ்சினில் ஒருவர் சிக்னலைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லுகிறார். இவர்களெல்லாம் மறதிக்காரர்களா? அல்லர். மனித நினைவு எந்நேரமும் வழுக்கும் என்றறிந்து செய்த ஏற்பாடுகள் இவை.

இவற்றையே நாமும் கைக்கொண்டோம். கேட்ட காரியத்தை அந்த நிமிஷமே எழுதுகிறோம். சட்டைப் பையில் ஒரே குறிப்பேடு, இரண்டாவது கிடையாது. முடியாத கோப்பு எதுவும் டிராயருக்குள் போவதில்லை. சிவப்பு நாடாவுடன் மேஜைமேல் கண்ணெதிரே இருக்கும். வேலை நடுவே எவரேனும் அழைத்தால், விட்ட வரியில் பென்சிலால் ஒரு கோடிட்டுவிட்டே எழுகிறோம். 20 நிமிஷத்துக்கு மணி வைத்து ஒரே வேலையைச் செய்து, பிறகு எழுந்து தண்ணீர் குடிக்கிறோம். சாவி, அடையாள அட்டை, டிபன் பை மூன்றுக்கும் வாசற்கதவருகே ஒரே ஆணி.

மகனுக்கும் அவ்வாறே. "முகம் கழுவி, பையை எடுத்து, பால் குடித்துவிட்டு வா" என்று மூன்று கட்டளைகளை ஒன்றாய் ஏவுவதில்லை. ஒன்றைச் சொல்லுகிறோம், அவன் திருப்பிச் சொல்லுகிறான், முடித்த பின் அடுத்தது. காலை வேலைகளைப் படமாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள் அவன் தாய். ஊரில் பாட்டியும் அத்தையும் பத்து முறை நினைவூட்டுவார்கள். இங்கே இரண்டு அறை வீட்டில் அந்த வேலையைச் சுவர்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

"மூன்று மொழிகளால் குழம்புகிறான்; வீட்டில் தமிழை விடுங்கள்" என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. பல மொழி பேசுவதால் இக்குறை உண்டாவதில்லை. தமிழை நாம் விடவில்லை.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெதில்பெனிடேட், அடோமாக்ஸெடின் முதலிய மருந்துகள் பலருக்குப் பயன் தருகின்றன. பசி, தூக்கம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கவனித்து மருத்துவரே அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஒருவருக்குக் கொடுத்ததை மற்றொருவர் விழுங்கலாகாது. மருந்து கவனத்தை நிறுத்த உதவும். கோப்பை டிராயரிலிருந்து எடுத்துத் தராது. அதற்கு ஏற்பாடுதான் வேண்டும்.

எல்லாம் சீராகிவிட்டதென்று நாம் கூறவில்லை. சென்ற வாரமும் மின்கட்டண நாளைத் தவறவிட்டோம். ஆனால் அந்த அம்மையாருக்கு ஓய்வூதியம் வரத் தொடங்கிவிட்டது. அதன் பின் எவருடைய காகிதமும் நம்மிடம் உறங்கியதில்லை.

நம் அன்பர்கள் இல்லங்களிலும் 'மந்தம்', 'அக்கறையில்லாதவன்' என்று பெயர் வாங்கிய பிள்ளையோ பெரியவரோ இருக்கலாம். ஏசுமுன் ஒரு மனநல மருத்துவரைக் காணுங்கள். எங்கே போவதென்று தெரியாவிடில், மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி எண் 14416ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். எண்ணை இப்பொழுதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என்று எண்ணினால் மறந்துவிடும்.