வெயிலை ஜன்னலுக்கு வெளியே நிறுத்துவோம்



கண்டி குளிர்ந்த ஊர் என்பார்கள். ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அக்குறணையிலோ மடவளையிலோ மேற்குப் பார்த்த அறையொன்றில் லுஹருக்குப் பின் சற்று இருந்து பாருங்கள்! தாழ்ந்த கூரையும் விறாந்தையும் கொண்ட பழைய வீடுகள் குறைந்து, சுவர் அகலத்துக்குக் கண்ணாடி ஜன்னல்கள் வந்துவிட்டன. வெயிலுக்கும் பிறர் பார்வைக்கும் அஞ்சித் திரையை இழுத்து மூடுகிறோம். அறை இருண்டதும் பகலிலேயே விளக்கு, புழுக்கத்துக்கு மின்விசிறி, வசதியுள்ளவர்களுக்குக் குளிரூட்டி.

திரை போட்டும் ஏன் புழுங்குகிறது? கண்ணாடியைக் கடந்து வந்த வெயில் திரையைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே வெயிலைக் கண்ணாடியிலேயே, அல்லது அதற்கும் வெளியே தடுக்க வேண்டும்.

விஞ்ஞானிகள் இதற்கொரு வழி கண்டிருக்கிறார்கள். டங்ஸ்டன் ஒட்சைட்டு என்னும் பொருளின் மெல்லிய பூச்சு, சிறிதளவு மின்சாரம் செலுத்தினால் நீல நிறமாகிறது. மின்சாரத்தைத் திருப்பிச் செலுத்தினால் தெளிகிறது. இந்நிறமாற்றத்தை 1969இல் ஆராய்ந்து வெளியிட்டவர் சத்யேன் தேப். 2011இல் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தில் ஜன்னல் மூடிக்குப் பதிலாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஜன்னல் மெல்ல இருளும். வனேடியம் ஒட்சைட்டு வகையொன்றோ மின்சாரமே இல்லாமல், 68 பாகை செல்சியஸை எட்டியதும் வெப்பக் கதிர்களைத் தானாகவே தடுக்கும். டங்ஸ்டனைச் சிறிது கலந்தால் அதற்கும் குறைந்த வெப்பத்திலேயே வேலை செய்யும்.

இத்தகைய கண்ணாடி விலை கூடியது. ஆனால் அதன் பாடம் இலவசம். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். மேலே சிறு கூரை இறக்குங்கள். முற்றத்தில் இடமிருந்தால் கொடித்தோடையைப் பந்தலில் படர விடுங்கள்.

ஓர் எச்சரிக்கை! கண்ணாடியில் ஒட்டும் பளபளப்பான தாள் பகலில் வெளியாரின் பார்வையை மறைக்கும். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் வெளியே நிற்பவருக்கு எல்லாம் தெரியும். நிறம் மாறும் கண்ணாடியும் திரைக்கு ஈடாகாது. மஃரிபுக்கு முன் திரையை மூட மறவாதீர்கள்.

நமக்கு அருகிலேயே, 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை மகாவலி நீரால் மின்சாரம் தருகிறது. ஆயினும் 2022 மார்ச் இறுதியில் எரிபொருளும் இல்லை, நீர்த்தேக்கங்களில் போதிய நீரும் இல்லை. நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம். கைக்குழந்தைக்கு விசிறிய தாய்மார் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

வீண்விரயம் பள்ளிவாசல் உபதேசத்தோடு நின்றுவிடும் விடயமல்ல. இன்று அஸருக்குப் பின் உங்கள் மேற்கு ஜன்னலைத் தொட்டுப் பாருங்கள். வேலையை எங்கே தொடங்குவதென்று அதுவே சொல்லும்.