முன்சீஃபிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை: ஃபாத்திமா பீவி ஏறிய படிகள்

சென்ற மாதம் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: "மகளுக்கு மார்க் இருக்கு பாய். ஆனா வக்கீல் படிப்பெல்லாம் நம்ம புள்ளைங்களுக்குச் சரிப்படுமா?" அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

எம். ஃபாத்திமா பீவி 1927இல் கேரளத்தின் பத்தனம்திட்டையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்ததும் அதையே மேலே படிக்க நினைத்தார். சட்டம் படி என்று திருப்பிவிட்டவர் அவருடைய தகப்பனார் மீரா சாஹிப். திருவிதாங்கூரில் அன்னா சாண்டி என்ற பெண்மணி 1937லேயே முன்சீஃப் ஆகியிருந்தார். அவரைப் பார்த்து வந்த ஆசை அது. தயங்கியது மகள், தள்ளியது தகப்பன்!

1950 நவம்பரில் வழக்கறிஞராகப் பதிவு செய்து கொல்லத்தில் தொழில் தொடங்கினார். 1958இல் முன்சீஃப். வரப்புத் தகராறு, வாடகை பாக்கி, கடன் பத்திரம் போன்ற வழக்குகள் முதலில் வரும் இடம் அது. 1968இல் சப் ஜட்ஜ், 1974இல் மாவட்ட செஷன்ஸ் நீதிபதி, 1980இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாய உறுப்பினர். 1983 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின் மீது அப்பீல் போகும் இடம். முன்சீஃப் நாற்காலியிலிருந்து அங்கே போய்ச்சேர 25 வருடம்.

உயர் நீதிமன்ற நீதிபதியாக இரண்டு வழிகள் உண்டு. உயர் நீதிமன்றத்தில் பத்தாண்டு வழக்கறிஞர் அனுபவம் ஒன்று. பத்தாண்டு நீதித்துறைப் பதவி மற்றொன்று. நம் ஜமாஅத்தில் பலருக்கு முதல் வழிதான் தெரியும். பெரிய வக்கீல் குடும்பமாக இருந்தால்தான் முடியும் என்றும் நினைக்கிறார்கள். பீவி வந்தது இரண்டாவது வழியில். அதன் வாசல் ஒரு தேர்வு. தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது.

62 வயது நிறைந்து 1989 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அதோடு முடிந்தது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். உச்ச நீதிமன்றத்தில் வயது வரம்பு 65 என்பதால் அதே அக்டோபர் 6 அன்று அங்கே அழைக்கப்பட்டார். 1950இல் தொடங்கிய அந்த நீதிமன்றத்தில் 39 வருடம் ஒரு பெண் நீதிபதிகூட இல்லை. இவர்தான் முதல்வர்.

1997 முதல் 2001 வரை நம் மாநில ஆளுநராக இருந்தார். அந்தக் கடைசி வருட அரசியல் சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும். அவர் எடுத்த முடிவு எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அது வேறு கதை. 2023 நவம்பரில் 96ஆம் வயதில் காலமானார்.

அந்தத் தகப்பனார் விண்ணப்பத்தை வாங்கிப் போயிருக்கிறார். இன்னும் திருப்பித் தரவில்லை. கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கிறது.