சொல்லும் துணையும் – 9: டோக்கியோவில் அச்சான ஆங்கில அகராதி

போன வாரம் காசு கைமாறாத 'பே' என்ற வினையைப் பார்த்தோம்: பே அட்டென்ஷன், பே எ விசிட், பே எ காம்ப்ளிமென்ட். முன்கதை அவ்வளவுதான், மீதி உங்களுக்கே நினைவிருக்கும்.

இந்த வாரம் 'டூ', 'மேக்' இரண்டுக்கும் எல்லை பிரிப்பதாகச் சொல்லியிருந்தேன். ஹோம்வொர்க்குக்கு 'டூ', மிஸ்டேக்குக்கு 'மேக்' என்று ஆரம்பித்து, உதாரணங்களைச் சரிபார்க்க ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியை எடுத்தேன். அதன் பிறப்புக் கதையில் போய் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

உலகம் முழுக்க மாணவர்கள் புரட்டுகிற அந்த அகராதி முதலில் வேறு பெயரில், டோக்கியோவில் அச்சானது. ஆண்டு 1942. ஜப்பானும் பிரிட்டனும் போரில் மோதிக்கொண்டிருந்த நேரம்! எதிரியின் மொழிக்கு, எதிரி நாட்டுக்காரர்களே தொகுத்த அகராதியை ஒரு ஜப்பானியப் பதிப்பகம் வெளியிட்டிருக்கிறது. தொகுத்த மூவரில் முதன்மையானவர் ஏ.எஸ். ஹார்ன்பி. 1924இல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பானுக்குப் போனவர். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் காவலில் வைக்கப்பட்டு, 1942இல்தான் நாடு திரும்பினார். அதே அகராதியை ஆக்ஸ்ஃபோர்டு 1948இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது.

இதற்கும் நம் தொடருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஹார்ன்பியை இந்த வேலைக்குள் இழுத்துவிட்டவர் ஹெரால்ட் பாமர். 1922இல் ஜப்பான் வந்து, மறு ஆண்டே ஆங்கிலக் கற்பித்தலுக்கென்று ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியவர். அங்கிருந்து 1933இல் வந்த அறிக்கை முழுக்க முழுக்கச் சொற்சேர்க்கைகளைப் பற்றியது. சேர்ந்தே வருகிற சொற்களைப் பிரித்துப் படிக்காதே, மொத்தமாக ஒரே சொல்லைப் போல மனதில் ஏற்று என்பது பாமரின் கட்சி.

இது லண்டனில் தோன்றாமல் ஏன் டோக்கியோவில் தோன்றியது? 'மேக் எ டிசிஷன்' என்று பிறந்ததிலிருந்து சொல்லி வளர்ந்தவருக்கு அதில் உறுத்துவதற்கு ஒன்றுமில்லை. ஜப்பானிய மாணவரின் நோட்டைத் திருத்துகிறவருக்குத்தான் உறுத்தும். 'டூ எ மிஸ்டேக்' என்று மாணவர் எழுதியிருப்பார். எந்த இலக்கண விதியும் உடையவில்லை. சொற்களின் பொருளிலும் பழுதில்லை. ஆனால் ஆங்கிலேயர் எவரும் அப்படிச் சொல்வதில்லை. இலக்கண நூலும் சொற்பட்டியலும் கைவிடுகிற இந்த இடம்தான் பாமருக்கு வேலை கொடுத்தது.

இந்த வினைகளுக்கு 'லைட் வெர்ப்' என்று பெயர் வைத்த ஓட்டோ யெஸ்பர்சனும் ஆங்கிலேயர் அல்லர், டென்மார்க்காரர். அந்தப் பெயர் வந்த நூலும் 1942ஆம் ஆண்டுதான்! மேக், டேக், ஹேவ், கிவ் எல்லாம் இங்கே கனமில்லாத வினைகள் என்றார். 'ஹேவ் எ லுக்' என்பதில் யாரும் எதையும் வைத்திருக்கவில்லை. வினை வெறும் பல்லக்குத் தூக்கி. உள்ளே உட்கார்ந்திருப்பது பெயர்ச்சொல். குளிப்பதற்கு பிரிட்டனில் 'ஹேவ் எ பாத்', அமெரிக்காவில் 'டேக் எ பாத்'. தூக்குகிற ஆள்தான் வேறு.

பரீட்சைக்கு பிரிட்டனில் 'சிட்' அல்லது 'டேக்'. இந்தியில் பரீட்சையைக் 'கொடுக்கிறார்கள்'. அதனால் டெல்லிப் பையன் எக்ஸாமை 'கிவ்' செய்கிறான். நாம் பரீட்சை எழுதுகிறவர்கள், சென்னையில் 'ரைட்'. நம் ஆட்கள் கூச்சப்பட வேண்டாம், கனடாவிலும் 'ரைட்' உண்டு.

இன்னொருவரைச் சொல்லாமல் விட மனசில்லை. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்து அறியலாம் என்று 1957இல் எழுதிப் புகழ்பெற்ற ஜே.ஆர். ஃபர்த், 1920களில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். 1934இல் அவர் எழுதிய ஒரு சிறு கையேடு எதைப் பற்றித் தெரியுமா? தமிழ் உச்சரிப்பைப் பற்றி! வெள்ளைக்காரர்கள் தமிழ் படித்த ஆர்டனின் இலக்கண நூலுக்காக எழுதியது. இதற்கே தனி அத்தியாயம் வேண்டும், ஆசிரியர் முறைப்பார்.

காரியத்துக்கு வருவோம். சரியான வினை எது என்று குழம்பினால் அகராதியில் வினைக்குப் போகாதீர்கள். 'மேக்' பக்கம் பக்கமாக நீளும். 'டிசிஷன்' என்ற பெயருக்குப் போங்கள்; நாலு வரிக்குள் ஓர் உதாரண வாக்கியம் அதன் வினையைக் காட்டிவிடும். நோட்டிலும் 'கம்ப்ளெயின்ட் என்றால் புகார்' என்று குறிக்காமல், 'மேக் எ கம்ப்ளெயின்ட்' என்று முழுசாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லா வினையும் இப்படி வெறுமனே சுமந்துகொண்டு போவதில்லை. 'காஸ்' என்ற வினையைக் கவனியுங்கள்: டேமேஜ், பெய்ன், ப்ராப்ளம் என்று பெரும்பாலும் கெட்ட சகவாசம்தான். அதற்குள் நுழைந்தால் இந்த வாரம் வெளியே வர முடியாது.

'டூ', 'மேக்' அடுத்த வாரம் நிச்சயம். அதுவரை பிராமிஸ், நாய்ஸ், ஷாப்பிங், டிஷஸ், பெட் ஆகியவற்றுக்கு எந்த வினை என்று பார்த்து வையுங்கள். ஒரு குறிப்பு மட்டும்: 'மேக் தி பெட்' என்று அம்மா சொன்னால் தச்சரைத் தேட வேண்டாம். போர்வையை மடித்து வைத்தால் போதும்.