மூட்டைக் காக்கும் ரப்பர் உறை

முன் சக்கரம் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். நேரான இரும்புத் தண்டு ஒன்றால் இது முடியுமா?

சோவியத் நாட்டில் 1977-இல் வெளிவந்த லாடா நிவா வண்டியில், நான்கு சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றுகிறது. முன் அச்சுத்தண்டின் சக்கரப் பக்க நுனியில் ஒரு மூட்டு. அதனுள் ஆறு எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருள்கின்றன. எனவே மூட்டு வளைந்தாலும் சக்கரம் சீராகவே சுழலும்!

மூட்டினுள் கிரீஸ் உண்டு. அதைக் காப்பது மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. வண்டி பழசானால் ரப்பர் வெடிக்கும். கிரீஸ் சிதறும், மணலும் நீரும் நுழையும்.

உடனே கவனித்தால் மூட்டைக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, புது உறை மாட்டினால் போதும். திருப்பும்போது ‘டக் டக்’ சத்தம் வரும்வரை விட்டால்? குண்டுகளும் பள்ளங்களும் தேய்ந்திருக்கும். மூட்டையே மாற்ற வேண்டும்.

மெக்கானிக் கடைப் பக்கம் போனால், முன் சக்கரத்தின் பின்னே குனிந்து பாருங்கள்!