டிரங்குப் பெட்டியில் கிடக்கும் உரிமை



ராஜபாளையம் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வேலைக்குப் போகும் உறுப்பினர் ஒருவர் மறுபடியும் உள்கடன் கேட்டார். “போன மாசம்தானம்மா வாங்குன, இப்ப எதுக்கு?” என்று ஊக்குநர் கேட்டார். “அவுகளுக்கு மாத்திரை வாங்கணும்க்கா” என்றார். அவர் கணவர் ராணுவத்தில் எட்டு வருடம் இருந்தவர். வலிப்பு நோய் வந்ததால் வேலைக்குத் தகுதியில்லை என்று ஊருக்கு அனுப்பப்பட்டவர்.

“பென்ஷன் வரலையா?” என்று கேட்டேன்.

“பதினஞ்சு வருசம் முடிச்சாத்தான மேடம் பென்ஷன்? நோய் தானா வந்ததுன்னு ஒரு லெட்டரும் வந்துச்சு. டிரங்குப் பெட்டியில கெடக்கு.”

நம் பகுதியில் பல வீடுகளில் இதே பதில்தான் வரும். இதில் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பதினைந்து வருடம் முடிக்க வேண்டுமா?

சிப்பாய்க்குச் சாதாரண பென்ஷன் வாங்கத்தான் 15 வருடப் பணி வேண்டும். ஊன ஓய்வூதியம், அதாவது டிசபிலிட்டி பென்ஷன், வேறு. பணியால் வந்த காயம் அல்லது நோய் என்று ஏற்கப்பட்டு ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டால், இத்தனை வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்குக் கிடையாது. காயம் என்றால் போரில் பட்ட காயம் மட்டும் அல்ல. பயிற்சியில் முறிந்த கால், பீரங்கிச் சத்தத்தில் போன காது, பனிமலைப் பணியில் கெட்ட உடம்பு, மன நோய் ஆகியவையும் இதில் வரும். ஆனால் குடிபோதையிலோ, தன் சொந்தத் தவறாலோ பட்ட காயத்திற்குக் கிடைக்காது.

“நோய் தானா வந்தது” என்றால் முடிந்துவிட்டதா?

ராணுவ மெடிக்கல் போர்டு இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதும். ஒன்று, இந்த நோய் பணியால் வந்ததா, அல்லது பணியால் அதிகமானதா? இரண்டு, பாதிப்பு எத்தனை சதவீதம்? முதல் கேள்விக்கு “இல்லை” என்று எழுதிவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். நம் உறுப்பினர் வீட்டுக்கு வந்த கடிதம் அதுதான்.

இதே வலிப்பு நோய்க்காக தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1994-ல் ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டார். அவர் 1985-ல் சேர்ந்தவர். 20 சதவீதப் பாதிப்பு, ஆனால் பணியால் வந்ததல்ல என்று பென்ஷன் மறுத்தார்கள். அவர் விடவில்லை. 2013 ஜூலை 2-ந் தேதி உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ராணுவத்தில் சேர்க்கும்போது உடம்பைச் சோதித்துத்தானே எடுக்கிறார்கள்? அப்போது அந்த நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பிறகு வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசின் பொறுப்பு, சிப்பாயின் பொறுப்பு அல்ல. காரணம் எழுதாமல் “பணியால் வந்ததல்ல” என்று ஒரு வரியில் எழுதினால் போதாது. இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

சதவீதக் கணக்கு

நாம் குழுவில் வட்டிக் கணக்குப் போடுகிறவர்கள். இதையும் போட்டுப் பார்ப்போம். 100 சதவீத ஊனத்திற்கு, பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் ஊனப் பகுதியாகத் தருவார்கள். போர்க் காயம் என்றால் இதைவிட அதிகம். கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீதத்திற்கு 12,000 ரூபாய். 20 சதவீதம் என்றால் 2,400 ரூபாய்தான்.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான விதி உண்டு. 50-க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், 76-க்கு மேல் இருந்தால் 100 என்றும் கணக்கிட வேண்டும். அப்படியானால் அந்த 20 சதவீதக்காரருக்கு 6,000 ரூபாய். மாதம் 3,600 ரூபாய் வித்தியாசம்! இதற்கு மேல் அகவிலைப்படியும் உண்டு. நோயால் அனுப்பப்பட்டவர்களுக்கு இந்த விதி 1996 ஜனவரி 1 முதல் உள்ளது. பணிக்காலம் முடித்து ஊனத்தோடு வந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்குக் குறைந்தது 20 சதவீதப் பாதிப்பு இருக்க வேண்டும்.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துள்ளன. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்கள் புதிய விதிப்படி என்ன கிடைக்கும் என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குழப்பம். அரசு ஆஸ்பத்திரியில் வாங்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேறு, ராணுவ மெடிக்கல் போர்டு சதவீதம் வேறு. அட்டை இருப்பதால் ராணுவப் பென்ஷன் வராது. அட்டை இல்லை என்பதால் பென்ஷன் போகவும் செய்யாது.

தள்ளிப் போட்டால் நமக்குத்தான் நட்டம்

தர்சேம் சிங் என்பவர் 1983-ல் ஊனத்தோடு அனுப்பப்பட்டவர். 1999-ல்தான் நீதிமன்றம் போனார். பென்ஷன் கிடைத்தது. ஆனால் பாக்கித் தொகை, வழக்குப் போடுவதற்கு முந்தைய மூன்று வருடத்திற்கு மட்டுமே என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மீதி வருடங்களின் பணம் போனது போனதுதான்.

என்ன செய்ய வேண்டும்?

1. டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு தாள், பென்ஷன் உத்தரவு, மறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து இரண்டு நகல் போடுங்கள். மெடிக்கல் போர்டு தாள் இல்லையென்றால் அவருடைய ரெஜிமென்டின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் உள்ளது. தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

2. விருதுநகரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்குப் போங்கள். மனு எழுத வழிகாட்டுவார்கள்.

3. மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்திற்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது மேல்முறையீடு. அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் கிளை சென்னையில் உள்ளது. கெடு தாண்டிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தாமதத்திற்குக் காரணம் சொல்லிக் கேட்கலாம்.

4. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். நம் மாவட்ட நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் உள்ளது. 1987-ம் வருடச் சட்டப்படி பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. “வர்ற பணத்துல பாதி குடுங்க, முடிச்சுத் தாரேன்” என்று வரும் புரோக்கரிடம் அசல் பேப்பரைக் கொடுக்காதீர்கள்.

கணவர் இறந்துவிட்டாலும் பேப்பரைத் தூக்கிப் போடாதீர்கள். பணியால் வந்த அதே பாதிப்பால் இறந்தார் என்று ஏற்கப்பட்டால், மனைவிக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சிறப்பு என்றால் 60 சதவீதம்.

நம் உறுப்பினரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “வலிப்புன்னு வெளிய தெரிஞ்சா மகளுக்கு வரன் அமையாதே மேடம்” என்றார். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் மனு போவது அலுவலகத்திற்கு, தெருவுக்கு அல்ல. உடம்பைக் கொடுத்து உழைத்த மனுசனுக்கு வர வேண்டிய பணம் இது. யாரும் போடும் பிச்சை இல்லை.

மறுவாரம் அவரே கடிதத்தை எடுத்து வந்தார். மடிப்பில் கிழிந்திருந்தது, ஆனால் எழுத்து தெரிந்தது. மனு போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. குழுவிலிருந்து இரண்டு பேர் அவருடன் விருதுநகருக்குப் போய் வந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். “நம்ம குழுவில யார் வீட்டுல பட்டாளத்துக்குப் போனவுக இருக்காக?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.