இருபது சிறு கணினிகள், ஒரே இயங்குதளம்: செய்வது எப்படி?



ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2012 பிப்ரவரி 29ஆம் நாள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஒற்றைப் பலகைக் கணினி அது. செயலி, நினைவகம், யூஎஸ்பி துளைகள் எல்லாம் உள்ளங்கை அளவுப் பலகை ஒன்றில் அடங்கிவிடும். ஹார்ட் டிஸ்க் கிடையாது. இயங்குதளம் முழுவதும் ஒரு மைக்ரோ எஸ்டி அட்டையில்தான் இருக்கும்.

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியோ, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலை வகுப்போ இதில் இருபது வாங்கி ஒரு கணினிக்கூடம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றைத் தயார் செய்வது சுலபம். இருபதையும் ஒரே மாதிரி தயார் செய்வது எப்படி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு கணினியில் இயங்குதளத்தைப் புதுப்பித்து, தமிழ் எழுத்துரு, தட்டச்சு முறை, பாடத்துக்கு வேண்டிய மென்பொருள் எல்லாம் நிறுவ 40 நிமிடம் பிடிக்கும் என்று கொள்வோம். இருபதுக்கு 800 நிமிடம், அதாவது 13 மணி 20 நிமிடம். அதிலும் பதினேழாவது கணினிக்கு வரும்போது கை சலித்து, ஏதாவது ஒன்று விட்டுப்போகும். மறுநாள் அந்தக் கணினியில் உட்காரும் பிள்ளைக்கு மட்டும் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு பாடவேளையே 30 நிமிடம்தான். அதில் பாதி அந்தப் பிள்ளைக்குப் போச்சு!

ஆகவே, ஒன்றை மட்டும் முழுமையாகத் தயார் செய்யுங்கள். அந்த அட்டையை அப்படியே ஒரே கோப்பாக நகல் எடுங்கள். இந்தக் கோப்புக்குப் 'படிமம்' என்று பெயர். பிறகு அதை மற்ற அட்டைகளில் எழுதுங்கள். 6 ஜிபி படிமத்தை நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதினால் ஓர் அட்டைக்கு 300 நொடி, அதாவது 5 நிமிடம். இருபது அட்டைக்கு 100 நிமிடம். அவ்வளவுதாங்க.

அட்டைகளை வாங்கும்போது ஒரு கவனம் தேவை. ஜாலான் பாசாரில் வாங்கினாலும் லோ யாட்டில் வாங்கினாலும், எல்லாம் ஒரே நிறுவனம், ஒரே ரகமாக இருக்கட்டும். '16 ஜிபி' என்று போட்டிருந்தாலும் உண்மையான அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். பெரிய அட்டையில் எடுத்த படிமம் சிறியதில் அடங்காது. படிமத்தைச் சுருக்கி வைத்துக்கொண்டு, முதல் தொடக்கத்தில் அது தானாக விரியும்படி செய்வதே நல்ல வழி.

எது ஒன்றாக, எது வேறாக?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். எஸ்பிஎம் தேர்வை நினைத்துப் பாருங்கள். வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அங்கா கிலிரான் ஆளுக்கு ஆள் வேறு. இருபது பேரும் ஒரே எண்ணை எழுதினால் என்ன ஆகும்? கணினிக்கும் அதே கதைதான்.

ஒன்றாக இருக்க வேண்டியவை: இயங்குதளம், மென்பொருள்கள், தமிழ் எழுத்துரு, தட்டச்சு முறை, நேர மண்டலம். நம் ஆசிரியர்கள் பலர் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல் முறையில் பழகியவர்கள். சிலர் 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் பழகியவர்கள். ஆங்கில எழுத்தொலியில் தட்டும் முறை, தமிழ்99 இரண்டையுமே படிமத்தில் சேர்த்துவிடுங்கள்.

வேறாக இருக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கணினியின் பெயர். இருபதுக்கும் ஒரே பெயர் இருந்தால் வலையமைப்பில் எது எது என்று தெரியாது. இரண்டாவது, பாதுகாப்புச் சாவிகள். தொலைவிலிருந்து உள்நுழையும்போது கணினி தன்னை அடையாளம் காட்டுவது இவற்றால்தான். மூன்றாவது, இயங்குதளம் தனக்கென வைத்திருக்கும் அடையாள எண். இது நகலாகிவிட்டால், சில அமைப்புகளில் இரண்டு கணினிகளுக்கு ஒரே ஐபி முகவரி கிடைத்து, இரண்டுமே தடுமாறும்.

ஆகவே படிமம் எடுக்கும் முன் சாவிகளையும் அடையாள எண்ணையும் அழித்துவிட்டு, முதல் தொடக்கத்தில் புதிதாக உருவாகும்படி அமையுங்கள். பெயருக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு பலகைக்கும் தனி வரிசை எண் உண்டு. அது பலகையில் இருப்பதால் அட்டையோடு நகலாகாது. அதன் கடைசி நான்கு எழுத்துகளைப் பெயராக வைக்கும்படி ஒரு சிறு நிரல் எழுதினால், கையால் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இடி மழையும் அட்டையும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் இடி மழை நமக்குத் தெரியாததா? அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் சிதையலாம். சில சமயம் கணினியே தொடங்காது. பிள்ளைகள் முறையாக அணைக்காமல் வயரைப் பிடுங்கினாலும் இதேதான்.

இதற்கு ராஸ்பெர்ரி பை இயங்குதளத்திலேயே ஒரு வசதி உண்டு. அட்டையை 'படிக்க மட்டும்' என்று பூட்டிவிடலாம். மாற்றங்கள் எல்லாம் தற்காலிக நினைவகத்தில் மட்டும் நடக்கும். அணைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் மாணவர் செய்த வேலையும் கூடவே போய்விடும். எனவே யூஎஸ்பியிலோ பொதுச் சர்வரிலோ சேமிக்கச் சொல்லிப் பழக்குங்கள்.

அட்டையே இல்லாமல்

இன்னொரு வழி, வலையமைப்பு வழியாகத் தொடங்குவது. 2017 டிசம்பரில் ராஸ்பெர்ரி பை குழுவினர் 'பைசர்வர்' என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். ஒரு சாதாரண மேசைக்கணினி சர்வராக நிற்கும். சிறு கணினிகள் அதிலிருந்தே இயங்குதளத்தைப் பெறும்.

நடப்பது மூன்று படிகள். மின்சாரம் வந்ததும் பலகை டிஎச்சிபி வழியாகத் தனக்கு ஒரு ஐபி முகவரி கேட்கும். அடுத்து டிஎஃப்டிபி வழியாகத் தொடக்கக் கோப்புகளை இறக்கிக்கொள்ளும். கடைசியாக என்எஃப்எஸ் வழியாகச் சர்வரில் உள்ள கோப்புறைகளைத் தன்னுடையது போலவே பயன்படுத்தும்.

பலன் என்ன? புதிய மென்பொருளைச் சர்வரில் ஒரு முறை நிறுவினால் போதும். மாணவர் எந்த இருக்கையில் அமர்ந்தாலும் அவருடைய கோப்புகள் வரும். குறையும் உண்டு. சர்வர் நின்றால் வகுப்பே நிற்கும். வைஃபை போதாது, கம்பி இணைப்பு வேண்டும். பழைய மாடல்கள் சிலவற்றில் முன்கூட்டியே ஓர் அமைப்பைச் செய்ய வேண்டியிருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? கணினிகள் பத்துக்குள் இருந்தால், அல்லது வகுப்புக்கு வகுப்பு தூக்கிப் போவதாக இருந்தால் அட்டை முறை போதும். நிலையான கணினிக்கூடம், கம்பி வலையமைப்பு, பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர், இவை மூன்றும் இருந்தால் சர்வர் முறை நல்லது.

இது பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. கேரளாவில் கைட் என்ற அரசு நிறுவனம் 2019இல் உபுண்டு 18.04 அடிப்படையில் ஓர் இயங்குதளத்தைத் தயாரித்து, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கென வெளியிட்டது. கட்டற்ற மென்பொருள் என்பதால்தான் இது முடிந்தது. இருபது நகல் எடுத்தாலும் உரிமக் கட்டணம் இல்லை. விலைக்கு வாங்கிய மென்பொருளைப் படிமத்தில் சேர்த்தால், அதன் உரிமம் இருபதுக்கும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு: முயன்று பாருங்கள்

1. 8 ஜிபி படிமத்தை நொடிக்கு 16 எம்பி வேகத்தில் 24 அட்டைகளில் ஒன்றன்பின் ஒன்றாக எழுத எவ்வளவு நேரம் ஆகும்? (1 ஜிபி = 1000 எம்பி)

2. அட்டைகளை நகல் எடுத்தபின் இரண்டு கணினிகள் ஒரே ஐபி முகவரியைப் பெறுகின்றன. காரணம் ஒன்றும் தீர்வு ஒன்றும் கூறுக.

3. அட்டையைப் 'படிக்க மட்டும்' என்று பூட்டுவதன் ஒரு நன்மையையும் ஒரு குறையையும் எழுதுக.

முதல் கேள்விக்கு விடை 3 மணி 20 நிமிடம். மற்ற இரண்டின் விடை மேலே உள்ள பத்திகளிலேயே இருக்கிறது. பாராமல் எழுதிவிட்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.