தன் செல்லையே பலி கொடுக்கும் நெற்பயிர்... நோய்க் கிருமியை செடிகள் எப்படி எதிர்க்கின்றன?

நமக்குக் காய்ச்சல் வந்தா டாக்டரிடம் போறோம். நின்ற இடத்தைவிட்டு நகர முடியாத நெற்பயிர் என்ன செய்யும்? கிருமியைத் தேடிப்போய்த் தாக்க அதற்கு ரத்தமும் இல்லை, வெள்ளை அணுக்களும் இல்லை. ஒவ்வொரு செல்லும் தானேதான் போராட வேண்டும். எப்படின்னு குலை நோயை வைத்துப் பார்க்கலாம்.

எதிரி நுழைவது எப்படி?

குலை நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை. பனி ஈரம் படிந்த இலையில் ஒட்டிக்கொள்ளும் அதன் வித்து, குமிழ் போன்ற ஓர் உறுப்பை உருவாக்கும். அதற்குள் ஏறும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல 30 மடங்குக்கும் மேல் போகும். அந்த வேகத்தில் இலையைத் துளைத்துவிடும்.

முதல் காவல்

இலைத் தோலில் படிந்திருக்கும் சிலிக்காதான் முதல் தடுப்பு. அதைத் தாண்டினால், பூஞ்சையின் செல்சுவரில் உள்ள கைட்டின் என்ற பொருளை நெல்லின் செல்கள் மோப்பம் பிடித்துவிடும். உடனே செல்சுவர் தடிக்கும். பூஞ்சையை எதிர்க்கும் வேதிப்பொருட்கள் சுரக்கும்.

இரண்டாம் காவல்

பூஞ்சையும் சும்மா இருக்காது. சில புரதங்களைச் செலுத்தி இந்த எதிர்ப்பை அடக்கப் பார்க்கும். ஏற்ற எதிர்ப்பு மரபணு உள்ள ரகம் என்றால், அந்தப் புரதத்தையே அடையாளம் கண்டுகொள்ளும். தாக்கப்பட்ட செல் தானாகவே செத்துப்போகும். பூஞ்சை மேலே பரவ வழியில்லாமல் அங்கேயே முடங்கிவிடும்.

அப்புறம் ஏன் நோய் வருது?

பூஞ்சை தன் புரதத்தை மாற்றிக்கொண்டால் அந்த மரபணு ஏமாந்துவிடும். அதனால்தான் எதிர்ப்பு ரகங்கள்கூட ஒரு கட்டத்தில் தோற்கின்றன. கோவையில் உருவான கோ 39 ரகம் இந்த நோய்க்கு எளிதில் ஆளாகும் என்பதால், பல நாட்டு ஆய்வுகளில் ஒப்பீட்டுக்கு அதையே பயன்படுத்துகிறார்கள்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது

யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் பச்சைப்பசேலென்று இருக்கும்; ஆனால் குலை நோய்க்குச் சீக்கிரம் இரையாகும். தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்துப் போடுவது நல்லது. கதிரின் கழுத்தில் நோய் தாக்கினால் நெல்மணி பதராகிவிடும்.

இலையில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி மட்டும் இருந்தால், பெரும்பாலும் பயிர் ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் சாம்பல் நிறத்தோடு கண் வடிவப் புள்ளிகள் தெரிந்தால் தாமதிக்காதீங்க, உடனே வேளாண் அலுவலரைப் பாருங்க.